ஆயாக் கொட்டகையும் அதன் வாசலும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், ஜித்ரா நகர் அமைந்துள்ள குபாங் பாசு மாவட்டத்தில் நெல்வயல்களே அதிகம். கெடாவின் பெரிய ரப்பர்த் தோட்டங்கள் தெற்கே பீடோங், சுங்கைப் பட்டாணி, கூலிம் பக்கம் பரவியிருந்தன. தோட்டம் எங்கிருந்தாலும் பிள்ளை வளர்ப்பின் நேரத்தைத் தீர்மானித்தது ரப்பர் மரம்தான். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். அதனால் விடியுமுன்பே பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு நடந்தது. ஆணும் பெண்ணுமாகப் பால் எடுக்க மரம் வெட்டப் போனார்கள். கைப்பிள்ளைகளை இருட்டோடு இருட்டாக ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றார்கள்.

தாயின் இரு கைகளையும் தோட்டத்து வேலைக்கு விடுவிக்கவே இந்தக் கொட்டகை ஏற்பட்டது. பிள்ளையின் வளர்ச்சி அதன் நோக்கத்தில் இல்லை. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பேறுகால உதவிக்கும் தோட்டப் பள்ளிக்கும் வழிசெய்தது. 7 முதல் 14 வயதுவரை ஓரினப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வேண்டும் என்றது. கெடா அந்தக் கூட்டரசில் சேராத மாநிலம். ஆனாலும் அங்கும் தோட்ட வாழ்க்கை இதே வார்ப்பில்தான் அமைந்தது. இலங்கை மலையகத்துப் பிள்ளைக் காம்பராவும், இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் கட்டாயமாக்கிய குழந்தைக் காப்பகமும் இதற்கு உறவுமுறை. லண்டனின் டெப்ட்ஃபோர்டில் ரேச்சல், மார்கரெட் மக்மில்லன் சகோதரியர் 1914இல் தொடங்கிய திறந்தவெளிக் குழந்தைப் பள்ளியோ செடிகொடித் தோட்டத்தையும் வெளிக்காற்றையுமே பாடமாகக் கொண்டது. ரப்பர் முதலாளிகளுக்கு அந்த எண்ணம் எட்டவில்லை.

கொட்டகைக்குள் இருந்தவை கூரை, வரிசையாகத் துணித் தொட்டில்கள், பாய்கள். மரம் வெட்டும் வயதைக் கடந்த மூதாட்டியே பெரும்பாலும் ஆயா. நடக்கத் தெரிந்த பிள்ளை வாசலுக்கு ஓடிவிடும். உண்மையான விளையாட்டு அங்கேதான் நடந்தது. மண், மழைநீர்க் குட்டை, பாண்டிக் கோடு, கோலி, எல்லாவற்றுக்கும் மேலாக ரப்பர்க் கொட்டை. புள்ளி போட்ட அந்த வழவழப்பான கொட்டையைப் பொறுக்கினார்கள், எண்ணினார்கள், சிமெண்டில் சூடேறத் தேய்த்து அடுத்தவன் கையில் வைத்தார்கள். காசு செலவில்லாமல் எண்ணும், எடையும், வெப்பமும் பிள்ளைகளுக்குப் பழகின.

ஆபத்தும் அதே வாசலில் இருந்தது. பச்சை ரப்பர்க் கொட்டையில் சயனைடை வெளியிடும் பொருள் உண்டு. பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலம் ஆலையில் இருந்தது. மலேரியாவுக்கு அஞ்சி வெட்டிய வடிகால்கள் லயன் வீடுகளைச் சுற்றி ஓடின. பாம்பு பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றுக்கெல்லாம் வேலி ஆயாவின் கண்ணும் அக்காவின் இடுப்பும்தான். தம்பியைச் சுமந்தபடி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தச் சிறுமிக்கு விளையாட்டும் போயிற்று, பல வேளை பள்ளியும் போயிற்று. தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பின் உண்மையான செலவை ஏற்றவள் அவளே.

1957 விடுதலைக்குப் பிறகு அந்நிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றார்கள். அதைத் தடுக்க அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் நிறுவிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். ஆனாலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது ஆள் தேவை குறைந்தது. குடும்பங்கள் பட்டணத்துத் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்கு நகர்ந்தன. அங்கே தொடர்வீட்டின் முன்பக்கம் கார் நிறுத்தும் சிமெண்டுத் தரை, மண்வாசல் இல்லை.

மலேசியாவின் 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் நான்கு வயதுக்குட்பட்டோரைப் பார்த்துக்கொள்ளும் இடங்களைச் சமூகநலத் துறையின் கீழ்க் கொண்டுவந்தது. ஒரு வயதுக்குட்பட்ட மூவருக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்று முதல் மூன்று வயதுள்ள ஐவருக்கு ஒருவர், அதற்கு மேல் பத்துப் பேருக்கு ஒருவர் என்பது விதி. அக்காவின் இடுப்பிலிருந்த சுமையைச் சம்பளம் பெறும் பெரியவரின் பொறுப்பாக்கிய இந்த மாற்றம் பெரியது. ஆனால் பத்துப் பேருக்கு ஒருவர் என்பது அறைக்குள் போதுமானதாக இருக்கலாம். ஏறவும் ஓடவும் விட்டால் போதாது. அதனாலேயே பல மையங்கள் கதவைச் சாத்திவைப்பதை எளிதென்று கொள்கின்றன.

வடகெடாவில் வெயிலும் ஒரு காரணம். ஜித்ராவுக்கு வடக்கே பெர்லிஸ் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9 அன்று 40.1 பாகை செல்சியஸ் பதிவானது. 2016 ஏப்ரலில் வெப்பத்தால் கெடாவிலும் பெர்லிஸிலும் பள்ளிகள் மூடப்பட்டன. தோட்டத்து வாசலுக்கு மர நிழல் இருந்தது. இன்றைய மையத்துப் பிள்ளைகளை வெளியே விளையாடவிட, வெயில் ஏறுமுன் ஒரு மணி நேரம், நிழல்மரம், வேலி, மண்தரை, கூடுதலாக ஒரு பெரியவர்: இவை போதும். மையங்களைப் பதிவு செய்யும்போது அதிகாரிகள் இவற்றையும் கேட்க வேண்டும்.