விண்ணேறிய கதை – 14: அதே நவம்பர் 21

அமெரிக்காவின் ரெட்ஸ்டோன் ராக்கெட்டின் பூர்வீகத்தைப் போன வாரமே பார்த்தாயிற்று: ஹிட்லரின் வி-2 ஏவுகணைக்கு வாரிசு; ஆல்கஹாலும் திரவ ஆக்சிஜனும் எரித்துக் கிளம்பும் ராணுவ ஆயுதம். அதை உருவாக்கிய வான் பிரவுனை நாயகன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நாஜிகளின் டோரா முகாமில் வி-2 செய்தே செத்த அடிமைத் தொழிலாளர்களை மறந்தால்தான் அவரைப் புகழ முடியும்.

அமெரிக்க விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்டை இந்த ராக்கெட் 187 கி.மீ. உயரத்துக்குத் தூக்கி, 487 கி.மீ. தள்ளிக் கடலில் இறக்கியது. ராசிபுரத்தில் ஏவினால் சென்னையைத் தாண்டி வங்கக்கடலில் போய் விழும். அந்தப் பயணத்துக்கு முன் 1960 நவம்பர் 21-ஐச் சொல்லியாக வேண்டும்.

அன்று கேப் கனாவெரலில், ஆளில்லா மெர்க்குரி கலத்தைச் சுமந்த முதல் ரெட்ஸ்டோன் (மெர்க்குரி-ரெட்ஸ்டோன்) நான்கு அங்குலம் எழும்பி, மேடையிலேயே திரும்ப உட்கார்ந்துவிட்டது. அடிப்பகுதி மின் இணைப்புகள் முன்பின்னாகக் கழன்றதுதான் காரணம். ஆபத்தில் கலத்தை இழுத்துக்கொண்டு தப்பிக்க உச்சியில் வைத்திருந்த கோபுரம் மட்டும் தனியே சீறிப் பறந்தது. கலத்தின் பாராசூட் வெளியே வந்து ராக்கெட்டின் பக்கவாட்டில் தொங்கியது. தொட்டி நிறைய எரிபொருள். பாராசூட்டில் காற்று பிடித்தால் ராக்கெட்டே சாயும். துப்பாக்கியால் தொட்டியைத் துளைக்கலாம் என்றுகூட யோசனை வந்தது. யாரும் கிட்டே போகவில்லை. பாட்டரி தீர்ந்து, ஆக்சிஜன் ஆவியாகட்டும் என்று மறுநாள் வரை பொறுத்தார்கள்.

சரியாக மூன்று வருடம் கழித்து, 1963 நவம்பர் 21, கேரளத்தின் தும்பா. மேரி மக்தலேனா தேவாலயத்துக்குள் கோத்துச் சேர்த்த, அமெரிக்கா தந்த நைக்-அப்பாச்சி ராக்கெட். கிரேனில் தூக்கும்போது ஹைட்ராலிக் கசிந்து ராக்கெட் சாயத் தொடங்கியது. ஏவும் நேரமோ நெருங்கிவிட்டது. கிரேனைப் பழுது பார்க்க அவகாசமில்லை. ராக்கெட்டை ஒருங்கிணைக்கும் பொறுப்பும் பாதுகாப்பும் நம் ராமேஸ்வரத்துக் கலாமிடம். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சேர்ந்து, 700 கிலோவுக்கும் மேற்பட்ட அந்த ராக்கெட்டைக் கைபலத்தாலேயே தூக்கி ஏவுமேடையில் வைத்தார்கள். ரேடார், டெலிமெட்ரியைப் பார்த்துக்கொண்டவர் கலாமின் சக பொறியாளர் ஆராவமுதன்.

அந்தியில் அது கிளம்பிப்போய் மேல்வானத்தில் சோடியம் ஆவியைக் கக்கியது. அந்த மேகம் நகரும் போக்கை வைத்து அங்குள்ள காற்றை அளப்பதுதான் நோக்கம். எட்டிய உயரம் ஏறக்குறைய 200 கி.மீ. ஷெப்பர்ட் தொட்டதற்குக் குறைவில்லை!

கனாவெரலில் அவசரப்படாமல் பொறுத்தவர்களும் தும்பாவில் தோள் கொடுத்தவர்களும்தான் என் நாயகர்கள். அவர்களில் பலருடைய பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

ஷெப்பர்டின் பயணம் அடுத்த வாரம். 1961 மே 5 காலை, கிளம்புவதற்கு முன் நான்கு மணி நேரத்துக்கும் மேலாக அவர் கலத்துக்குள் படுத்தே கிடந்தார். அங்கிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)