பட்டி காத்த கோவிவன்: எடுத்தனூர் நடுகல் குறித்து ஒரு மறுப்பு

எடுத்தனூர் நடுகல்லில் வரும் கோவிவன் என்ற நாயை வேட்டை நாயாகக் கொண்டு, இன்றைய கோம்பை, இராசபாளைய இனங்களின் முன்னோடியாகக் காட்டும் போக்கு ஒன்று உண்டு. வாலின் வளைவும் முகவாயின் அளவுமே அதற்குச் சான்றாகின்றன. கல்லின் எழுத்து வேறொன்றைச் சொல்கிறது என்பதே என் வாதம். கோவிவன் மந்தை காத்த நாய்.

செங்கம் வட்டாரத்தைச் சேர்ந்த இக்கல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக்குரியது. பொற்றொக்கையாரின் இளமகன் கருந்தேவகத்தி, தன் எருமைகளின் பொருட்டு நடந்த சண்டையில் இறந்ததை ஒரு பகுதி கூறுகிறது. நாய்க்குரிய வரிகள் அதனோடு கலவாமல், நாயின் உருவத்தை ஒட்டித் தனியே நிற்கின்றன. கோவிவன் என்ற நாய் இரு கள்ளரைக் கடித்தது, காத்து நின்றது, அவ்வளவே செய்தி. அது விலங்கைத் துரத்தியதாகவோ மந்தையை ஓட்டியதாகவோ ஒரு சொல்லும் இல்லை. அதே அரசன் காலத்தில், செங்கல்பட்டை அடுத்த வல்லத்தில் குடைவரை எடுப்பித்த கந்தசேனன் தன் பெயரையும் தந்தை பெயரையும் பொறித்துக்கொண்டான். இங்கோ ஒரு நாய்க்குப் பெயரும் செயலும் சேர்த்துப் பொறிக்கப்பட்டுள்ளன. அப்படிப் பொறித்தவர்கள் எந்தச் செயலைப் போற்றினார்களோ அதையே நாமும் முதற்சான்றாகக் கொள்ள வேண்டும்.

வேட்டை நாய்க்குக் கல் நட்டால் அதன் வாசகம் எப்படி இருக்கும் என்பதற்குக் கர்நாடகத்து ஆதகூர்க் கல் (கி.பி. 949-50) சான்று. தக்கோலப் போரைக் கூறும் அதே கல்தான், மணலேரன் என்ற வீரன் பரிசாகக் கேட்டுப் பெற்ற காளி என்ற நாய் காட்டுப்பன்றியோடு பொருது இறந்ததையும் கூறுகிறது. பன்றியும் நாயும் மோதும் சிற்பமும் உடன் உள்ளது. இரு கல்லுக்கும் இடையே மூன்று நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி உண்டு, மொழியும் வேறு. ஆயினும் வேட்டையைப் போற்ற வந்தவர் வேட்டையைச் சொல்லாமல் விடமாட்டார் என்ற அளவுக்கு இவ்வொப்பீடு செல்லும்.

மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபத்தில் பசு கன்றை நக்க, ஆயர் பால் கறக்கும் காட்சியில் நாய் இல்லையே என்று கேட்கலாம். அது கோவர்த்தன மலையடியில் ஒதுங்கிய ஆயர்பாடி. கள்ளருக்கு அங்கே என்ன வேலை? இத்தடை நிற்காது.

மந்தையை ஓட்டும் மேலைநாட்டுக் கோலி (collie) இன நாயை மனத்தில் வைத்து, மந்தையைத் திருப்பாத நாய் மேய்ச்சல் நாய் ஆகாது என்பதும் பொருந்தாது. நம் செங்கல்பட்டுப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் எருவுக்காகக் கிடை போடும்போது ஆட்டை ஓட்டுவது ஆள்தான். நாய்க்கு வேலை இரவில். கிடையோரம் படுத்திருக்கும், அயலார் நெருங்கினால் குரைக்கும், நரி வந்தால் பாயும். அந்தப் பட்டிநாயின் இரத்தத்தைக் கோவிவனோடு இணைக்க நான் துணியவில்லை. வேலை ஒன்றே என்பதில் எனக்கு ஐயமில்லை.

இராசபாளையமும் சிப்பிப்பாறையும் தேசிய இனப்பதிவில் ஏறிவிட்டன. பட்டிநாய்க்கு நிலைத்த நிறமோ உயரமோ இல்லாததால் அது எந்தப் பட்டியலிலும் நிற்பதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் நாட்டு நாய்களை ஆராய முற்படுவோர், செவியையும் வாலையும் அளப்பதோடு, ஒவ்வொரு நாயும் இரவில் யாருடைய கிடையில் படுக்கிறது என்பதையும் கேட்டுப் பதிய வேண்டும்.