பத்து வெள்ளியும் பால்மரமும்

வாணிகத்தின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் மாணவர்க்கு விளக்க, மலாக்காத் தோட்டப்பள்ளி ஆசிரியன் தொலைவில் சான்று தேட வேண்டுவதில்லை. பள்ளியைச் சூழ்ந்திருந்த பால்மரமே அதற்குப் போதிய பாடநூலாகும்.

மலாயாவில் ரப்பரை முதன்முதல் வாணிகப் பயிராக நட்டவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான். அவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் நட்டார். பின்னர் புக்கிட் அசகானில் சுமார் 3000 ஏக்கரில் ரப்பரோடு மரவள்ளியையும் பயிரிட்டார். இதில் ஒரு நுட்பம் உண்டு. பால்மரம் வெட்டுக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் செல்லும். மரவள்ளியோ விரைவில் கிழங்கு தரும். நெடுநாட் பயிரின் செலவைக் குறுநாட் பயிர் தாங்கிற்று. வருவாயில்லாத ஆண்டுகளை முன்கூட்டியே எண்ணிப் பார்த்த முதலாளி அவர்.

அவருக்குப் பின் வந்தோர் பலர் அவ்வாறு எண்ணவில்லை. 1910இல் இலண்டன் சந்தையில் ஓர் இராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கைக் கடந்தது. அவ்விலையே நிலைக்கும் என நம்பிப் புதுப்புதுக் கம்பெனிகள் தோன்றின. கங்காணிகள் தமிழகத்துச் சிற்றூர்களுக்குச் சென்று ஆள்கட்டி வந்தனர். மரங்கள் அனைத்தும் வெட்டுக்கு வந்தபோது ரப்பர் மிகுந்தது. 1920இல் விலை சரிந்தது. 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டம் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகள் அத்திட்டத்தில் சேரவில்லை. விலையுயர்வைக் கண்டு அங்கே மேலும் நட்டார்கள். ஒருவர் தம் கதவைச் சாத்தியதால் மற்றவர் கடை வளர்ந்தது. 1932இல் விலை 2 பென்சுக்கும் கீழே இறங்கியது.

அப்பொழுது தோட்டங்கள் பிழைத்த வழி யாது? கூலியைக் குறைத்தார்கள், ஆட்களைக் குறைத்தார்கள். பல்லாயிரம் தமிழர் கப்பலேறித் தாயகம் திரும்பினர். நல்ல காலத்து இலாபம் பங்குதாரர்க்குச் சென்றது. கெட்ட காலத்து நட்டமோ லயத்து அடுப்பில் வந்து விழுந்தது. ஒரு தொழில் நிலைத்தது என்று எழுதும்போது, யாருடைய செலவில் நிலைத்தது என்றும் எழுதுவதே வரலாறு.

கொரியப் போரின்போது, 1950, 51ஆம் ஆண்டுகளில், விலை மீண்டும் ஏறியது. இம்முறை ஒரு நல்ல ஏற்பாடு பிறந்தது. 1952இல் மறுநடவு நிதி அமைந்தது. ஏற்றுமதியாகும் ரப்பரின்மீது வரி பிடித்து, கிழமரத்தை அழித்துப் புதுமரம் நடுவோர்க்கு அப்பணத்தைக் கொடுத்தனர். மரம் பால் தரும்போதே அதன் பின்வாரிசுக்குப் பணம் எடுத்து வைப்பது இதன் கருத்து. ஆயினும் அந்நிய முதலாளிகள் சிலர் மறுநடவை விரும்பாது தோட்டத்தை விற்றுச் சென்றனர். வாங்கியோர் அதைத் துண்டாடி விற்றனர். இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளார். வேலையோடு வீடும், வீட்டோடு பள்ளியும் தொழிலாளியின் கையை விட்டுப் போயின.

இந்நிலையில்தான் அமைச்சராயிருந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று தொழிலாளரிடம் பேசினார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம். அன்றைய பால்வெட்டுத் தொழிலாளிக்குப் பத்து வெள்ளி சிறுதொகையன்று. அரிசிக்கும் துணிக்கும் போக மிஞ்சியதையன்று, அவற்றிலிருந்து பிடித்ததையே அவன் கொடுத்தான். அப்பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பின்னர் வேறு பல தோட்டங்களும் சேர்ந்தன. செயற்கை ரப்பரின் போட்டியால் விலை தளர்ந்தபோது எண்ணெய்ப்பனையும் துணைக்கு வந்தது. முன்பு மரவள்ளி செய்த வேலையைப் பின்னர்ப் பனை செய்தது எனலாம்.

கூட்டுறவு எல்லாத் தோட்டங்களையும் காத்துவிடவில்லை. மலாக்காவிலும் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. மாணவர் குறைந்த பள்ளிகளை நாம் அறிவோம். பங்கு வைத்திருந்தவனும் மறுநாட் காலை பெரட்டுக்குப் போக வேண்டியவனாகவே இருந்தான். எனினும் விலைக்கு வந்த மண்ணை வாங்கும் தரப்பில் தொழிலாளியும் நின்றான் என்பது சிறிய மாற்றமன்று.

பயிற்சிக் கல்லூரியில் இலாப நட்டக் கணக்கை இரண்டு விடைகளோடு முடிக்கக் கற்றேன்: இலாபம் இவ்வளவு, நட்டம் இவ்வளவு. இப்பொழுது என் மாணவரிடம் மூன்றாவது வினா ஒன்றும் கேட்கிறேன்: “இலாபம் வந்த ஆண்டில் எவ்வளவை எடுத்து வைப்பாய்?” ஒரு சிறுமி, “மழைநாளில் வெட்டு இல்லை என்று பாட்டி சொல்வார், அத்தனை நாளுக்கும் வேண்டியதை வைப்பேன்” என்றாள். பாட்டியின் கணக்கில் பிழையில்லை.