படத்தில் ஏறிய எழுத்து

படமும் எழுத்தும் நெடுங்காலத் தோழமை கொண்டவை. தமிழகத்தின் செங்கம் வட்டாரத்து நடுகற்கள் அதற்குச் சான்று கூறும். போரில் மாண்ட வீரனின் உருவமும், அவன் பெயரையும் புகழையும் சொல்லும் வட்டெழுத்தும் அங்கே ஒரே கல்லில் இடம்பெற்றுள்ளன. உருவம் இல்லையேல் கல்லாதார்க்குக் கல் பேசாது; எழுத்து இல்லையேல் உருவம் எவருடையது என்பதே மறந்துபோகும். ஆயினும் கல்லில் ஏறிய எழுத்துக்கு ஒரு குறை உண்டு. உளி தவறினால் திருத்த வழியில்லை. கணினிப் படங்களில் எழுத்தைச் சேர்க்கும் கலையின் வரலாறு, பெரும்பாலும் இந்தக் குறையை நீக்கிய வரலாறே ஆகும். தமிழைப் பொறுத்தவரை அவ்வழி இன்னும் நெடியதாய் அமைந்தது.

கணினி வருமுன் நூலட்டைக்கும் சுவரொட்டிக்கும் வேண்டிய தலைப்பை ஓவியர் தூரிகையால் தீட்டினர். அல்லது அச்செழுத்துப் படியை வெட்டிப் படத்தின்மேல் ஒட்டி, அதனை மீண்டும் நிழற்படம் எடுத்தனர். எழுத்தின் பருமனும் வளைவும் கைத்திறனைச் சார்ந்தே நின்றன.

1984ஆம் ஆண்டு மெக்கின்டாஷ் கணினியோடு வெளிவந்த மேக்பெயின்ட் என்னும் மென்பொருள் புதிய வாயிலைத் திறந்தது. பில் அட்கின்சன் படைத்த அம்மென்பொருளில் எழுத்தைத் தடித்ததாகவும், சாய்ந்ததாகவும், நிழலுடையதாகவும் அமைக்க முடிந்தது. ஆனால், தட்டச்சு முடிந்த கணமே எழுத்து தன் இயல்பை இழந்து, வெறும் புள்ளிகளின் தொகுதியாய்ப் படத்தோடு கலந்துவிடும். பிழை கண்டால் அழித்துவிட்டு மீண்டும் எழுதுவதே வழி. கல்வெட்டின் குறை கணினித் திரையிலும் தொடர்ந்தது எனலாம்.

1987இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு மாணவராயிருந்த தாமஸ் நால், சாம்பல்நிறப் படங்களைத் திரையில் காட்டும் சிறு நிரல் ஒன்றை எழுதினார். அவர்தம் உடன்பிறப்பான ஜான் நால் அதன் பயனை உணர்ந்து ஊக்கமளித்தார். அதுவே வளர்ந்து, அடோபி நிறுவனத்தின் வழியாக 1990 பிப்ரவரியில் போட்டோஷாப் என்னும் பெயரில் வெளிவந்தது. 1994இல் வந்த மூன்றாம் பதிப்பு அடுக்குமுறையை அறிமுகப்படுத்தியது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்ததுபோல், படம் ஓர் அடுக்கிலும் எழுத்து வேறோர் அடுக்கிலும் நின்றன. எனினும் எழுத்து இன்னும் புள்ளிகளாகவே இருந்தது. 1998இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் எழுத்தடுக்கு உயிர் பெற்றது. எழுதிய சொல்லைப் பின்னரும் மாற்றலாம். நிழலும் புடைப்பும் மாறிய சொல்லுக்கேற்பத் தாமே மாறும். 2000ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பு, எழுத்தைப் படத்தின்மீதே நேராகத் தட்டச்சிடவும், அதனை வில்லாய் வளைக்கவும் வசதி செய்தது.

உலகோர் இவ்வாறு விடுதலை பெற்ற காலத்தில், தமிழ் எழுத்து வேறொரு தளையில் கிடந்தது. ஆங்கில எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாய் வரிசையில் நிற்பவை. தமிழிலோ ‘கெ’ என்னும் எழுத்தில் ஒலியால் பின்வரும் உயிரின் குறி, வடிவால் மெய்க்கு முன் நிற்கும். ‘கொ’ என்பதில் அக்குறி இருபுறமும் பிரிந்து நிற்கும். இந்நுட்பத்தை அறியாத மென்பொருள் கொம்பைத் தவறான இடத்தில் நட்டுவிடும்.

இத்தடையைக் கடக்கத் தமிழர் தாமே முயன்றனர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி கணியன் மென்பொருளைப் படைத்தார். அந்நாளைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களை அமர்த்தின. அதனால் எந்தப் படமென்பொருளிலும் தமிழ் தெரிந்தது. ஆனால், ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு முறையில் இருக்கைகளைப் பங்கிட்டது. ஓரிடத்தில் அமைத்த சுவரொட்டியை அவ்வெழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் திறந்தால், தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றின. ஆகவே வடிவமைப்பாளர் எழுத்தடுக்கைப் படமாக உருக்கிய பின்னரே அச்சகத்திற்கு அனுப்பினர். திருத்தத்தக்க எழுத்தைத் தொழில்நுட்பம் தந்தபோதும், தமிழர் அதனை மீண்டும் கல்லாக்க நேர்ந்தது! இக்குழப்பத்தைத் தீர்க்கும் பொதுமுறையை நாடியே 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது.

1991இல் வெளிவந்த யூனிகோடு என்னும் ஒருங்குறி தமிழின் அடிப்படை எழுத்துகளுக்கும் உயிர்க்குறிகளுக்கும் தனி எண் வழங்கியது. விண்டோஸ் 2000 அதனைத் திரையில் முறையாகக் காட்டியது. ஆயினும் படமென்பொருள்கள் எழுத்தைக் கோக்கும் பணியை இயங்குதளத்திடம் விடாமல் தாமே செய்தன. அவற்றுக்குத் தமிழின் முறை தெரியவில்லை. பாங்கோ என்னும் பன்மொழிக் கோப்பு நிரலை ஏற்ற கிம்ப் 2.0, 2004இல் இலவசமாக வெளிவந்து வழிகாட்டியது. போட்டோஷாப்பில் இந்திய மொழிகளுக்கான வசதி, 2013இல் தொடங்கிய சிசி வரிசையில் கிட்டியது. அப்போதும் அதற்குரிய எழுத்துப் பொறியைப் பயனர் தேடித் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது.

அவ்வாறு தெரிவுசெய்ய மறந்தால், அல்லது தமிழறியாதவர் சொற்களை வெட்டி ஒட்டினால், விளைவு சிறிதன்று. 2017 ஜூலையில் சிங்கப்பூர்த் தேசிய தின அணிவகுப்பின் முன்னோட்டத்தில் வழங்கப்பட்ட சிற்றேட்டில், தமிழ் வரி பொருள் விளங்காதவாறு சிதைந்து அச்சேறியது. ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கோரியது. நான்கு மொழிகளுள் ஒன்றாய்ச் சம உரிமை பெற்ற மொழி, கொம்பும் காலும் இடம்மாறியதால் பொதுமேடையில் ஊமையாகி நிற்பது இழுக்கன்றோ?

எழுத்து சரியாகக் கோக்கப்பட்டாலும் அழகூட்டலில் விழிப்பு வேண்டும். எழுத்துகளுக்கிடையே இடைவெளியை மிகுத்தால் துணைக்கால் தன் மெய்யைவிட்டு விலகி, அண்டை எழுத்தைச் சாரும். புறக்கோட்டைத் தடிப்பாக்கினால் ‘ண’கரச் சுழிகள் அடைபட்டு, ‘ன’கரத்தோடு மயங்கும். மெய்யின் மேலுள்ள புள்ளி நிழலில் மறைந்தால் சொல்லே மாறிவிடும். ஆங்கில எழுத்துக்கு ஒப்பனையாவது தமிழுக்குப் பொருட்கேடாகலாம்.

நடுகல்லைச் செதுக்கியவனுக்கு உளி ஒன்றே துணை. தவறு நேர்ந்தால் மாற்றமும் இல்லை. இன்று கருவி பணிகிறது. எழுத்து எத்தனை முறையும் திருந்தத் தயங்குவதில்லை. அச்சுக்கு அனுப்புமுன் தமிழறிந்த ஒருவர் ஒருமுறை படித்துப் பார்க்கும் பொறுப்பை மட்டும் எந்த மென்பொருளும் ஏற்பதில்லை. அது மாந்தர்க்கே உரியது. அப்பொறுப்பு நிறைவேறும் இடத்தில் படத்தில் ஏறிய தமிழ் பிழையின்றிப் பேசும்.