கிணறும் மேய்ச்சலும்: மாலி நாட்டுக் கிராமங்கள் கண்ட ஸுல்ஹ்

திம்புக்டு என்ற பெயரைக் கேட்டதும் நம் மக்கள் பலரின் நினைவில் எழுவன அந்நகரின் கையெழுத்துப் பிரதிகளும் ஸங்கோரே பள்ளிவாசலும் அங்கு ஓதிக்கொடுத்த உலமாக்களும்தாம். அது நியாயமே. ஆயினும் அந்நகரின் வரலாற்றில் நாம் நம் பிள்ளைகளுக்கு அதிகம் சொல்லாத நாள் ஒன்று உண்டு. 1996 மார்ச் 27 அன்று, ஏறத்தாழ 3,000 துப்பாக்கிகள் அந்நகரில் அடுக்கிவைக்கப்பட்டுத் தீயிடப்பட்டன. மாலி நாட்டின் அதிபர் அல்ஃபா உமர் கொனாரேயும் கானா நாட்டின் அதிபர் ஜெர்ரி ராலிங்ஸும் அங்கு நின்றிருந்தனர். அத்துப்பாக்கிகளை ஏந்தியிருந்த இயக்கங்கள் தம்மைக் கலைத்துக்கொள்வதாக அறிவித்தன. ‘அமைதிச் சுடர்’ என்று அந்நிகழ்வுக்குப் பெயரிட்டார்கள்.

அந்த நெருப்பின் படம் உலகெங்கும் பரவிற்று. ஆனால் அமைதி பிறந்தது அந்த நெருப்பிலன்று. அதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டுக் காலத்தில், நைஜர் நதியின் கரைகளிலும் சஹாராவின் விளிம்புகளிலும் உள்ள சிற்றூர்களில், பாய் விரித்து அமர்ந்து பேசிய மக்களிடையே அது பிறந்தது. நாம் இங்கே எழுத விரும்புவது அம்மக்களைப் பற்றியே.

மாலியின் வடபகுதியில் துவாரெக் மக்களும் அரபிகளும் பெரும்பாலும் கால்நடை மேய்ப்போர். நதியோரத்துச் சோங்காய் மக்கள் நெல்லும் கம்பும் பயிரிடுவோர். ஃபுலானியர் மாடு வளர்ப்போர், போஸோக்கள் மீன்பிடிப்போர். ஒருவரின்றி மற்றவர் வாழ முடியாத ஏற்பாடு அது. மேய்ப்பவருக்குத் தானியம் வேண்டும். உழவருக்கு எருவும் பாலும் இறைச்சியும் பாலைவனத்து உப்பும் வேண்டும். இவையெல்லாம் கைமாறும் இடம் வாரச்சந்தை. ஆகவே சந்தை மூடினால் இரு தரப்பு அடுப்பும் அணையும்.

1970களின் தொடக்கத்திலும் 1980களின் நடுவிலும் வந்த கடும் வறட்சிகள் மேய்ப்பவர்களின் மந்தைகளை அழித்தன. கால்நடையை இழந்த துவாரெக் இளைஞர்கள் பலர் லிபியாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் பிழைக்கச் சென்றனர். சிலர் அங்கே ஆயுதப் பயிற்சியும் பெற்றனர். 1990 ஜூன் மாதம் மேனக்கா ஊரின் மீது நடந்த தாக்குதலோடு கிளர்ச்சி தொடங்கிற்று. இராணுவத்தின் பதிலடி, போராளிகளோடு தொடர்பே இல்லாத நாடோடிக் குடும்பங்களின் மீதும் விழுந்தது. 1991 ஜனவரியில் தமன்ராஸெத் ஒப்பந்தம், 1992 ஏப்ரலில் தேசிய உடன்படிக்கை எனத் தலைவர்கள் கையெழுத்திட்டனர். ஆனால் 1994ஆம் ஆண்டுதான் எல்லாவற்றிலும் கொடியதாக அமைந்தது. சோங்காய் மக்களிடையே ‘கந்தா கோய்’, அதாவது ‘மண்ணின் உடையவர்கள்’ என்னும் ஆயுதப்படை எழுந்தது. கொலைக்குக் கொலை என்றாயிற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை தாண்டி அகதிகளாயினர்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க இயலாது. இரு தரப்பினரும் முஸ்லிம்கள். ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள். ஒரே மாலிகி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். ‘முஸ்லிம்கள் ஒன்றுபட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று மேடைகளில் எளிதாகப் பேசுகிறோம். கிணற்றில் நீர் வற்றும்போது அந்த ஒற்றுமை எதன்மேல் நிற்கும் என்பது மேடைப் பேச்சில் வருவதில்லை. மாலி கிராமத்தாருக்கு அந்தக் கேள்வி உயிர்ப்பிரச்சினையாயிருந்தது.

அதற்கு விடை தேடும் முயற்சி 1994இன் இறுதியில் பூரெம் என்னும் நதிக்கரை ஊரில் தொடங்கிற்று. சோங்காய் ஊர்த்தலைவர்களும் அரபு, துவாரெக் குலத்தலைவர்களும் அங்கே நேருக்கு நேர் கூடினர். தலைநகர் பமாக்கோவின் கட்டளைக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. அப்பகுதியில் வாழும் குந்தா அரபிகளுக்குச் சமரசம் பேசுவது புதிதன்று. 1811இல் மறைந்த ஷைகு ஸீதி அல்முக்தார் அல்கபீர் (ரஹ்) துவாரெக் குலங்களுக்கிடையே வழக்குத் தீர்த்துவைப்பதில் புகழ்பெற்றவர்; அவருடைய வாக்குக்குக் கட்டுப்பட்டே வணிகக் கூட்டங்கள் பாலைவனத்தில் அச்சமின்றிப் பயணித்தன என்பர். அந்த மரபின் நினைவு மக்களிடம் அழிந்துவிடவில்லை.

1995 ஆகஸ்ட் முதல் 1996 மார்ச் வரை இத்தகைய கூட்டங்கள் வடபகுதி முழுவதும் பரவின. 30க்கும் மேற்பட்ட கூட்டங்கள் நடந்தன. அவை நடந்த முறையே நாம் கவனிக்க வேண்டியது. கூட்டத்தை அழைப்பவர்கள் அந்த வட்டாரத்தில் மதிக்கப்பட்ட மனிதர்கள். ஒரே சந்தையையும் ஒரே நீர்நிலைகளையும் பயன்படுத்தும் ஊர்கள் எவையோ அவையே ஒரு கூட்டத்தின் எல்லை; அரசாங்க வரைபடத்தின் கோடுகள் அல்ல. ஊர்த்தலைவர், நாடோடிக் கூடாரங்களின் தலைவர், இமாம், வணிகர், பெண்கள், இளைஞர் என நூற்றுக்கணக்கானோர் நாட்கணக்கில் அமர்ந்தனர். அரசு அதிகாரிகள் வந்தால் பார்வையாளராக இருப்பார்கள், தலைமை ஏற்பதில்லை. வருபவர்களுக்குச் சோறு போடவும் பயணச் செலவுக்கும் வெளியிலிருந்து சிறு தொகை உதவியாகக் கிடைத்தது. மற்றதெல்லாம் ஊராரின் பொறுப்பு.

என்ன பேசினார்கள்? பெரிய அரசியல் அன்று. திருடப்பட்ட மாடுகளை எவ்வாறு திருப்பிக் கொடுப்பது, சந்தையை எந்த நாளில் மீண்டும் திறப்பது, சந்தைக்குள் ஆயுதம் கொண்டுவரலாகாது என்பதை யார் கண்காணிப்பது, அறுவடை முடியுமுன் வயலில் மந்தை இறங்கினால் என்ன செய்வது, எந்தக் கிணற்றில் யாருக்கு எப்போது முறை, அகதியாகச் சென்ற குடும்பம் திரும்பி வந்தால் அதன் வீட்டுக்கு யார் பொறுப்பு. இவற்றைப் பேசி முடித்தார்கள். சந்தைகள் திறந்தன. சந்தை திறந்த ஊரில் துப்பாக்கியோடு திரிபவனுக்குச் சோறிடவும் மறைவிடம் தரவும் ஆள் குறைந்தது. போராளிகள் ஆயுதத்தை ஒப்படைத்து முகாம்களுக்குள் வந்தது அதன் பின்புதான். திம்புக்டுவில் எரிந்தவை அவ்வாறு ஒப்படைக்கப்பட்ட ஆயுதங்களே.

இக்கூட்டங்களுக்குத் துணைநின்றவர்களுள் நார்வே திருச்சபை உதவி அமைப்பும் ஒன்று; அதன் சார்பில் கோரே லோடே என்பவர் உழைத்தார். முஸ்லிம்களின் சண்டையைத் தீர்க்கக் கிறிஸ்தவ அமைப்பின் பணமா என்று முகம் சுளிப்போர் நம்மில் இருக்கக்கூடும். அந்த அமைப்பு 1980களின் வறட்சிக் காலத்திலிருந்தே கோஸி வட்டாரத்தில் மக்களோடு இருந்து பணியாற்றியது. கூட்டங்களில் என்ன முடிவெடுப்பது என்பதில் அது தலையிடவில்லை. கொடுக்கல் இருவழியாகவும் இருந்திருக்கிறது. 1853இல் ஹைன்ரிஷ் பார்த் என்ற ஜெர்மானியப் பயணி திம்புக்டு வந்தபோது, அவரைப் பிடித்து ஒப்படைக்குமாறு மாஸினாவின் ஆட்சியாளர் கேட்டார். மேற்சொன்ன ஷைகின் பேரர் அஹ்மத் அல்பக்காயி, அடைக்கலம் தந்தவரை ஒப்படைக்க மறுத்து, மாதக்கணக்கில் காத்து வழியனுப்பினார்.

மாஸினா என்ற பெயர் வந்துவிட்டதால் அதைப் பற்றியும் பேசவேண்டும். அமைதி என்பது பெரும்பாலும் மேய்ச்சல் சட்டமே என்பதை அப்பகுதி மக்கள் நமக்கு முன்பே கண்டிருந்தனர். மொப்தி, ஜென்னே நகரங்களைச் சூழ்ந்து நைஜர் நதி பல கிளைகளாக விரியும் பெருஞ்சமவெளி இருக்கிறது. மழைக்காலத்தில் அது வெள்ளக்காடு. மந்தைகள் வடக்கே வறண்ட நிலத்துக்குப் போய்விடும். வெள்ளம் வடியத் தொடங்கும்போது ‘பூர்கூ’ என்னும் நீர்ப்புல் மேய்ச்சலுக்குக் கிடைக்கும். மந்தைகள் திரும்பி வரும். அதே நிலத்தில்தான் நெல்லும் விளைகிறது, மீனும் பிடிபடுகிறது. யார் முதலில் இறங்குவது என்பதில் ஒரு வாரம் தவறினால் இரத்தம் சிந்தும்.

1818இல் நுகூமா போரில் வென்று ஆட்சி அமைத்த ஷைகு அஹ்மது லொப்போ, மொப்திக்கு அருகே ‘ஹம்துல்லாஹி’ என்ற தலைநகரை நிறுவினார். 40 உலமாக்கள் கொண்ட ஒரு மன்றம் ஆட்சியை நடத்தியது. அந்த ஆட்சியை மக்கள் ‘தீனா’ என்றே அழைத்தனர். நம்முடைய ‘தீன்’ என்ற சொல்தான். மந்தைகள் செல்லும் பாதைகள், தங்கும் இடங்கள், எந்த மந்தை எந்த வரிசையில் மேய்ச்சலுக்குள் இறங்குவது என்பனவற்றை அது வகுத்தது. ஒவ்வொரு மேய்ச்சல் நிலத்துக்கும் ‘ஜோவ்ரோ’ என்னும் பொறுப்பாளர் இருந்தார். ஊரைச் சுற்றிக் கறவை மாடுகளுக்காக ஒதுக்கப்பட்ட புல்வெளிக்கு ‘ஹரீமா’ என்று பெயர். நம் மதரஸாவில் ஃபிக்ஹு ஓதும் மாணவருக்கு இச்சொல் அந்நியமன்று. கிணற்றுக்கும் ஊருக்கும் சுற்றிலும் விடப்படவேண்டிய காப்பிடத்தை ‘ஹரீம்’ என்றுதான் தரிசு நிலத்தைத் திருத்துவது பற்றிய பாடத்தில் படிக்கிறோம். நம் பிள்ளைகள் தேர்வுக்காக மனனம் செய்துவிட்டு மறக்கும் பாடம், அங்கே மாடுகளின் நடைபாதையாக நின்றது. இன்றும் மந்தைகள் நதியைக் கடந்து திரும்பும் யாரால், தேகல் விழாக்களை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச்செல்வமாகப் பதிவு செய்துள்ளது.

தீனாவைக் குறையற்ற பொற்காலமாக எழுதுவது உண்மைக்கு மாறாகும். அது வாளால் நிறுவப்பட்ட ஆட்சி. வயலில் உழைத்த ‘ரிமாய்பே’ என்போர் அடிமைகளாகவே இருந்தனர்; மேய்ச்சலின் உரிமை ஃபுலானித் தலைவர்களிடமே குவிந்தது. அந்த ஏற்றத்தாழ்வின் கசப்பு இன்றைய நிலத்தகராறுகளிலும் தெரிகிறது. 1862இல் ஹம்துல்லாஹியைக் கைப்பற்றி அந்த ஆட்சியை முடித்தவரும் மற்றொரு முஸ்லிம் தலைவரான அல்ஹாஜ் உமர் தாலே.

1996க்குப் பின் சில ஆண்டுகள் நல்லவையாக அமைந்தன. அதிகாரம் பரவலாக்கப்பட்டு, 1999க்குள் நாடு முழுதும் 703 உள்ளாட்சி மன்றங்கள் உருவாயின. ஆனால் வாக்களிக்கப்பட்ட வளர்ச்சிப் பணிகள் போதிய அளவில் வரவில்லை. 2006இல் ஒரு கிளர்ச்சி. 2012இல் லிபியாவிலிருந்து ஆயுதங்களோடு திரும்பியவர்களின் பெருங்கிளர்ச்சி. 1990இல் மேனக்கா தாக்குதலை நடத்திய இயாத் அக் காலியே இம்முறை மார்க்கத்தின் பெயரால் ஓர் ஆயுதக் குழுவோடு வந்தார். திம்புக்டுவின் அடக்கத்தலங்கள் இடிக்கப்பட்டன. பின்னர் மாஸினாவின் பெயரையே சூடிய ஆயுதக் குழு ஒன்றும் தோன்றியது. 2019 மார்ச் 23 அன்று ஒகோஸாகூ என்ற ஃபுலானிக் கிராமத்தில் ஏறத்தாழ 160 பேர் கொல்லப்பட்டனர். 2015இல் கையெழுத்தான அல்ஜியர்ஸ் ஒப்பந்தத்தை 2024 ஜனவரியில் இராணுவ அரசு முடித்துக்கொண்டது.

இந்த நிலையிலும் கிராமத்தார் பேசுவதை நிறுத்தவில்லை. 2020 அக்டோபரில் ஃபராபூகு என்னும் ஊரை ஆயுதக் குழுவினர் முற்றுகையிட்டபோது, மாலியின் உயர் இஸ்லாமியக் கவுன்சில் இடைநின்று பேசியது. 2021இல் ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. சில மாதங்களே நின்றது. 1995இன் கூட்டங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறைக்கலாகாது. பூரெமில் சந்தையால் ஒருவரையொருவர் சார்ந்திருந்த அண்டை ஊரார் எதிரெதிரே அமர்ந்தனர். ஃபராபூகுவில் ஒரு பக்கம் முற்றுகையிட்ட துப்பாக்கி இருந்தது, மறுபக்கம் வயலுக்குப் போக வழி கேட்ட உழவர் இருந்தார். அத்தகைய பேச்சை ஸுல்ஹ் என்று அழைக்கலாமா என்பதில் மாலியின் உலமாக்களிடையே விவாதம் இருக்கலாம். வயலுக்குள் மீண்டும் இறங்க முடிந்த அந்தச் சில மாதங்களை, அவ்வூர்த் தாய்மார்கள் பயனற்றவை என்று சொல்லமாட்டார்கள் என்றே நாம் கருதுகிறோம்.