சாயத் தொழிலும் செல் பிரிதலும்

செல் எவ்வாறு இரண்டாகிறது என்பதைக் கண்டறிந்த வரலாற்றைப் பாடநூல்கள் நுண்ணோக்கியின் வரலாறாகவே சொல்லி வந்திருக்கின்றன. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் அறைகளைக் கண்டார், பிறகு லென்ஸ் மேம்பட மேம்பட உள்ளே இருந்தவை ஒவ்வொன்றாகத் தெரிந்தன என்று அந்தக் கதை போகும். அது பாதி உண்மைதான். செல்லுக்குள் இருப்பவை பெரும்பாலும் நிறமற்றவை. ஒளியைத் தடுக்காமல் விட்டுவிடுபவை. நிறமில்லாத பொருளை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் அது சுற்றுப்புறத்திலிருந்து பிரிந்து தெரியாது. செல் பிரிதலின் உள்விவரத்தை 19ஆம் நூற்றாண்டின் கண்ணுக்குக் கொண்டுவந்தது துணிக்கு நிறமேற்றியவர்களின் தொழில் என்பதே என் வாதம். அதே தொழில்தான் செல்லின் வாழ்நாளில் மிகப் பெரிய பகுதியை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கவனத்திலிருந்து விலக்கியும் வைத்தது.

சாயம் இல்லாமலேயே செல் பிரிவதைக் கண்டவர்கள் இருந்தார்களே என்று உடனே கேட்கலாம். நியாயமான கேள்வி. 1835இல் ஹூகோ ஃபொன் மோல் பாசி இழைகளில் குறுக்குச் சுவர் எழுந்து ஒரு செல் இரண்டாவதை விவரித்தார். ஆனாலும் 1838இல் ஷ்லைடனும் 1839இல் ஷ்வானும் முன்வைத்த செல் கோட்பாட்டில், கரைசலில் படிகம் தோன்றுவதுபோலப் புதிய செல்கள் ஒரு திரவத்திலிருந்து திரண்டு உருவாகும் என்றே இருந்தது. அதை மறுத்தவர்களில் முதன்மையானவர் பெர்லினில் இருந்த ராபர்ட் ரீமாக். கோழிக் கருவின் ரத்த செல்கள் பிரிவதை 1841இலேயே எழுதினார். விலங்குச் செல் யாவும் முந்தைய செல்லிலிருந்தே வருகிறது என்று 1852இல் உறுதியாகச் சொன்னார். யூத மதத்தை விட்டு மாற மறுத்ததால் முழுப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைக்கவேயில்லை. 1855இல் இதே கருத்தை முழங்கிய ருடால்ஃப் விர்ஷோவின் பெயரோடுதான் அது உலகெங்கும் பரவியது. இந்த அநீதியை அறிவியல் வரலாறு இன்னும் முழுமையாகத் திருத்திக்கொள்ளவில்லை. ஆனால் ரீமாக் கண்டது என்ன? செல் இரண்டாகிறது என்பதை. எப்படி என்பதை அல்ல. நியூக்ளியஸ் நடுவில் இறுகி இரண்டாக அறுபடுகிறது என்றே அவர் கருதினார். வேறு பலர், குறிப்பாகத் தாவரங்களை ஆராய்ந்தவர்கள், பிரியும் வேளையில் நியூக்ளியஸ் கரைந்து மறைந்து பிறகு இரண்டு புதிதாகப் பிறக்கின்றன என்றார்கள். வெறும் கண்ணாடியால் இந்த வழக்கைத் தீர்க்க முடியவில்லை.

தீர்ப்பு வந்த வழி சாயச் சந்தை வழி. 1858இல் எர்லாங்கனில் யோசஃப் கெர்லாக், நீர்த்த கார்மைனில் ஊறிய திசுவில் நியூக்ளியஸ் மற்ற பகுதிகளைவிட ஆழமாகச் சிவப்பதைக் காட்டினார். கார்மைன் மெக்சிகோவின் கள்ளிச்செடியில் வாழும் காச்சினீல் பூச்சியிலிருந்து எடுப்பது. அதன் விலை எவ்வளவு கவர்ச்சியானது என்றால், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் அந்தப் பூச்சியை நம் மண்ணில் வளர்க்கவென்றே சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். அந்த முயற்சி தொழிலாக நிலைக்கவில்லை. அடுத்து வந்த ஹிமடாக்சிலின், நடு அமெரிக்கக் காடுகளில் வெட்டிய ஒரு சாய மரத்தின் வைரத்திலிருந்து வந்தது. 1856இல் லண்டனில் பதினெட்டு வயது வில்லியம் பெர்க்கின் கொய்னாவைச் செயற்கையாகச் செய்யப் போய், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் அனிலினில் ஊதாச் சாயத்தைப் பெற்றார். பத்தாண்டுக்குள் பேயர், ஹோக்ஸ்ட், பிஏஎஸ்எஃப் ஆகிய நிறுவனங்கள் ஜெர்மனியில் எழுந்தன. பட்டுக்கும் பருத்திக்கும் செய்த சாயங்கள் ஆய்வுக்கூட அலமாரிகளிலும் வந்து அமர்ந்தன.

1876இல் கீல் நகரில் பேராசிரியரான வால்தர் ஃப்ளெமிங் அந்த அலமாரியை முழுமையாகப் பயன்படுத்தினார். சாலமாண்டர் இளவுயிரிகளை அவர் தேர்ந்தெடுத்தது கூர்மையான முடிவு. அவற்றின் செல்கள் பெரியவை, உள்ளிருக்கும் இழைகள் தடித்தவை. திசுவை அமிலங்களால் உறையவைத்து, சாஃப்ரனின் போன்ற சாயங்களில் தோய்த்து, மிகுந்த நிறத்தைக் கழுவி நீக்கியபோது நியூக்ளியஸின் இழைகள் மட்டும் நிறத்தை விடாமல் பிடித்துக்கொண்டன. நியூக்ளியஸ் கரைவதில்லை, அறுபடுவதும் இல்லை. இழைகளாகத் திரண்டு, ஒவ்வொரு இழையும் நீளவாக்கில் பிளந்து, இரண்டு பக்கமாக விலகுகிறது. 1882இல் வந்த அவருடைய நூல் இதைப் படிப்படியாகப் படமாக்கியது. பிளந்த இழைகளின் பாதிகள் எதிரெதிர் முனைக்குச் செல்வதை அடுத்த ஆண்டே வான் பெனடன் குதிரையின் குடற்புழுவில் காட்டினார்.

லென்ஸின் பங்கைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். 1878இல் ஆபே வடிவமைத்த எண்ணெய் அமிழ்வு லென்ஸ் ஃப்ளெமிங்குக்குப் பெரிதும் உதவியது. ஆனால் அந்த லென்ஸ் வருவதற்கு முன்பே, 1873இல் அன்டன் ஷ்னைடர் தட்டைப்புழுவின் முட்டையில் அசெட்டிக் அமிலம் சேர்த்து இழைகளைக் கண்டிருந்தார். அங்கும் வழி திறந்தது வேதிப்பொருள்தான். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: அமிலமும் சாயமும் செல்லைக் கொல்பவை, எனவே தெரிந்த இழைகள் அவற்றால் விளைந்த உறைவுகளாக ஏன் இருக்கக் கூடாது? ஃப்ளெமிங் இதை அலட்சியப்படுத்தவில்லை. ஒளி ஊடுருவும் இளவுயிரியின் உயிருள்ள செல்லிலேயே, சாயத்தில் கண்ட நிலைகள் அதே வரிசையில் நிகழ்வதை மணிக்கணக்கில் பார்த்துச் சரிபார்த்தார். எதைத் தேட வேண்டும் என்று சாயம் சொல்லிக்கொடுத்த பிறகு, மங்கலாகவேனும் அது உயிருள்ள செல்லிலும் தென்பட்டது.

சாயத்தின் குறை வேறிடத்தில் இருந்தது. பிரிதல் முடிந்ததும் இழைகள் தளர்ந்து விரிந்துவிடும். நியூக்ளியஸ் மங்கலான உருண்டையாகத் தெரியும். காட்சி இல்லாததால் வேலையும் இல்லை என்று முடிவு கட்டி, அதை ஓய்வு நிலை என்றார்கள். வளர்ப்பில் உள்ள மனிதச் செல் ஒன்றின் சுற்று சுமார் 24 மணி நேரம். அதில் பிரிதலுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஆகிறது. எஞ்சிய நேரம் முழுவதும் பாடநூல்களில் வெற்றிடமாகக் கிடந்தது. 1924இல் ஃபாய்ல்கன் கண்ட சாயமுறை டிஎன்ஏவை மட்டும் நிறமாக்கியது உண்மை. அந்த இடைவேளையில் டிஎன்ஏ இரட்டிப்பதை 1950 வாக்கில் காட்ட அது உதவியதும் உண்மை. ஆனால் நிறத்தின் அடர்த்தியை ஒளிமானியால் அளந்த பிறகே அது சாத்தியமானது. அல்மா ஹோவர்டும் ஸ்டீஃபன் பெல்க்கும் லண்டனில் சாயத்தை விட்டுக் கதிரியக்க பாஸ்பரஸை எடுத்தார்கள். ஃபாவா அவரையின் வேர்நுனிக்கு அதை ஊட்டி, புகைப்படப் படலத்தில் பதிந்த புள்ளிகளை எண்ணினார்கள். டிஎன்ஏ உருவாவது இடைவேளையின் குறிப்பிட்ட ஒரு கட்டத்தில்தான் என்றும், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு கட்டங்கள் உண்டு என்றும் 1950களின் தொடக்கத்தில் தெரிந்தது.

செல்லின் வளர்ச்சி பற்றிய கேள்வி அதன் பிறகே வலுவாக எழுந்தது. 1975இல் எடின்பரோவில் பால் நர்ஸ், வழக்கமான அளவில் பாதியே வளர்ந்த நிலையில் பிரிந்துவிடும் ஈஸ்ட் வகை ஒன்றை விவரித்தார். போதுமான அளவு வளரும்வரை பிரிதலைத் தடுத்து வைக்கும் ஒரு மரபணு அதில் பழுதாகியிருந்தது. தன் அளவைச் செல் எப்படி உணர்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த விடை இல்லை.