தோட்டப்புறத் தமிழரும் இயற்கைப் பதிவுகளும்: ரந்தாவ் வட்டாரத்தை முன்னிட்டுச் சில குறிப்புகள்

ஆங்கிலேயர் ஆட்சிக் கால மலாயாவில் பறவைகளையும் செடிகொடிகளையும் பதிந்து வைத்தோருள் பலர் தொழில்முறை அறிவியலாளர் அல்லர். தோட்டத் துரைமாரும் அரசு அலுவலரும் ஓய்வு வேளையில் இப்பணியை மேற்கொண்டனர். 1940இல் தோன்றிய மலாயா இயற்கைக் கழகம் இத்தகையோருக்குக் களமாயிற்று. காவல்துறை அதிகாரி ஜி. சி. மேடாக், ஜப்பானியர் காலத்தில் சாங்கியில் சிறைப்பட்டிருந்தபோது எழுதிய மலாயாப் பறவைகள் பற்றிய நூல் 1947இல் அச்சேறியது. ஆயின், விடியுமுன்னரே பால்வெட்டுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் கண்டவை எந்த ஏட்டில் ஏறின எனும் வினா நம்முன் நிற்கிறது.

சிரம்பானுக்கும் லிங்கிக்கும் இடைப்பட்ட ரந்தாவ் வட்டாரத்தில் காடு அழிந்து ரப்பர் வந்தது; பின்னர்ச் செம்பனை வந்தது. இம்மாற்றங்களை நாள்தோறும் அருகிருந்து கண்டவர்கள் லயத்து மக்களே. இரு பறவைகளை மட்டும் இங்குச் சுட்டுவோம். தமிழகத்தில் நன்கறியப்பட்ட நாகணவாய், அதாவது மைனா, திறந்தவெளியும் மாடுகளும் மனிதக் குடியிருப்பும் உள்ள இடங்களை நாடுவது. அது தீபகற்பத்தின் வடக்கிலிருந்து தெற்கே பரவி 1930களில் சிங்கப்பூரை எட்டியது. ஊரில் பழகிய பறவையைத் தோட்டத்தில் மீண்டும் கண்டோர் எத்தனை பேரோ! கூகையின் கதை வேறு. முன்பு தீபகற்பத்தில் அரிதாயிருந்த இப்பறவை கூடுகட்டியது 1968இல் ஜொகூர்ச் செம்பனைத் தோட்டம் ஒன்றில்தான் முதன்முதலாகப் பதிவாயிற்று. பழக்குலைகளைக் கடிக்கும் எலிகளை அது தின்பதால், தோட்டங்களில் அதற்கெனக் கூட்டுப்பெட்டிகள் நிறுவப்பட்டன. அலறலைத் தீச்சகுனமெனக் கொண்ட நம்மவர் நடுவே அதற்கு வீடமைத்துத் தந்தது வியப்பிற்குரியதே.

பள்ளிக்கல்வி வழியே இயற்கையியலாளர் ஆகாமல், தாமே கற்றுத் தேர்ந்த தமிழரும் நம்மிடையே இருந்தனர். சுங்கை பூலோ சதுப்புநிலத்தைக் காக்கும் முயற்சியில் பங்கேற்ற சிங்கப்பூர்ச் சுபராஜ் ராஜதுரை (1963–2019) அவர்களுள் ஒருவர். தமிழகத்திலோ, பொங்கல் நாள்களில் பொதுமக்களே பறவைகளைக் கணக்கெடுக்கின்றனர்.

தோட்டத்து முதியோரின் நினைவுகளைத் திரட்டும் தமிழாசிரியர்கள் பெயர்களில் கவனம் கொள்ளுதல் வேண்டும். பேச்சு வழக்கில் ‘ஆந்தை’ பல இனங்களைக் குறிக்கும். ‘கூகை’ என்றால் ஓரளவு தெளிவு பிறக்கும். தோட்டத்தின் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு, ரப்பர்க் காலமா செம்பனைக் காலமா என்பவற்றையும் வழங்கிய மலாய்ப் பெயரையும் உடன் குறித்தால், அக்குறிப்பு உயிரியலாளருக்கும் பயன்படும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்துவிட்ட நிலையில், ரப்பர்க் காலத்தைக் கண்ணால் கண்டோர் குறைந்துகொண்டே வருகின்றனர்.